வாசகர் கேள்வி பதில்: கஞ்சா பற்றி, இந்த முறை கொஞ்சம் நீளமாகவே

போன இதழில் ஒரு மாணவர் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் "வேண்டாம், தொடாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதன் பிறகு வந்த கடிதங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் பயம், நடுவில் ஒரு தாயின் நான்கு பக்கக் கடிதம். அதனால் இந்த மாதம் சமையலறை, மாமியார், வேலையிடம் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு இது ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அக்கா, போன மாதம் கேட்டவன் நான்தான். கனடாவில் கடையில் விற்கிறார்கள், ஜெர்மனி அனுமதித்துவிட்டது, பக்கத்தில் தாய்லாந்துகூட. மதுவைவிடக் கெடுதல் குறைவு என்கிறார்கள், அரசாங்கத்துக்கு வரியும் கிடைக்கும். சிங்கப்பூரில் நாம் மட்டும் ஏன் 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்? தயவுசெய்து ஒரு வரியில் பதில் சொல்லாதீர்கள்.
*– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஈசூன்*

தம்பி, முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு மரியாதை தராமல் விட்டது என் தவறு.

நீங்கள் சொன்ன நாடுகளை ஒரே மூட்டையில் கட்ட முடியாது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் விற்பனையை அனுமதித்தது, பெரியவர் ஒருவர் வெளியில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம், ஆனால் வயது வராதவருக்கு விற்றால் 14 ஆண்டு வரை சிறை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 25 கிராம் கையில் வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், உறுப்பினராகச் சேர்ந்த சங்கத்தில் வாங்கலாம், ஆனால் கனடா மாதிரித் தெருமுனைக் கடை கிடையாது. தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. விதிகளை முழுதாக எழுதி முடிக்காமலே கதவைத் திறந்துவிட்டார்கள், பாங்காக்கில் திரும்பிய இடமெல்லாம் பச்சை இலை போட்ட பலகை, அப்புறம் மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். நியூசிலாந்து 2020இல் மக்களிடமே கேட்டது, 50.7 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். உலகமே ஒரு திசையில் ஓடுகிறது, நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று நினைக்க இடமில்லை.

அமெரிக்காவில் இந்த இயக்கம் வளர்ந்ததற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது, அதை நாம் மதிக்க வேண்டும். அங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள், ஆனால் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். சட்டைப் பையில் சிறு பொட்டலம் இருந்ததற்காக வேலையையும் வீட்டையும் இழந்த இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 2012இல் கொலராடோவும் வாஷிங்டனும் வாக்களித்துத் தொடங்கிவைத்ததற்குப் பின்னால் அந்த ஆத்திரமும் ஒரு காரணம். அதைப் படித்தால் எனக்கும் கோபம்தான் வருகிறது.

ஆனால் வரி வருமானம் என்று சொன்னீர்களே, அந்த இடத்தில்தான் நான் உங்களோடு மல்லுக்கு நிற்பேன். இந்தத் தீவு அதைச் செய்து பார்த்திருக்கிறது, தம்பி. ஆங்கிலேயர் காலத்தில் அபின் விற்பனை உரிமையை ஏலம் விட்டார்கள், பிறகு 1910இல் அரசாங்கமே வியாபாரத்தைக் கையில் எடுத்தது, காலனி வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அதிலிருந்து வந்த ஆண்டுகள் உண்டு. புகைத்தவர்கள் யார்? ரிக்‌ஷா இழுத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், உடம்பு வலிக்கு ஒரு இழுப்பு என்று ஆரம்பித்துச் சம்பளம் முழுவதையும் அங்கேயே விட்டவர்கள். அதில் காசு பார்த்த அரசாங்கத்துக்கு அதை நிறுத்த மனம் வரவில்லை, போர் முடிந்து 1946இல்தான் முழுத்தடை வந்தது. நம்மவர்களுக்கு என்றே கள்ளுக்கும் பங்கி என்ற கஞ்சாச் சரக்குக்கும் தனிக் குத்தகை இருந்தது. ஒரு பொருளின் விற்பனையில் அரசாங்கத்தின் வருமானம் சிக்கிக்கொண்டால், அதைக் குறைவாக விற்க வேண்டும் என்ற ஆர்வம் யாருக்கு இருக்கும்?

மதுவைவிடக் கெடுதல் குறைவா? அளவுக்கு மீறிக் குடித்தால் உயிர் போகும், கஞ்சா அப்படி நேரடியாகக் கொல்வது மிக அரிது, அது உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் தாத்தா காலத்துக் கஞ்சா வேறு, இன்றையது வேறு. போதை தருகிற டிஎச்சி என்ற பொருள், அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கில் 1995இல் 4 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, இப்போது 15ஐத் தாண்டிவிட்டது. பிழிந்தெடுத்த எண்ணெய் வகைகளில் இன்னும் பல மடங்கு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது, தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் தாக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு, வீரியம் கூடிய வகையைத் தினமும் எடுத்தால் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். எடுக்கிற எல்லாருக்கும் வராது, பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல மருத்துவரிடம் கருவி எதுவும் இல்லை. பத்தில் ஒருவர் விடமுடியாத பழக்கத்துக்கு ஆளாகிறார் என்கிறார்கள், பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். நம் மனநலக் கழகம் 2022இல் நடத்திய ஆய்வில், இங்கே போதைப்பொருளைத் தொட்டவர்கள் சராசரியாக 16 வயதை ஒட்டித்தான் முதல்முறை தொட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்!

மதுவையும் பாருங்கள். 2013 டிசம்பரில் தேக்காவில் கலவரம் நடந்தது, 2015இல் இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அவ்வளவுதான் முடிந்தது, ஏனென்றால் நூறு ஆண்டுக்கு மேல் ஊறிப்போன ஒன்றை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நம் குடும்பங்களில் குடி செய்த அழிவை எண்ணிப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைப்போம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. கனடாவில் கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட் விற்பனைக்கு வந்த பிறகு அதைத் தின்றுவிட்டு அவசர சிகிச்சைக்குப் போன சின்னக் குழந்தைகளின் எண்ணிக்கை ஒன்டாரியோவில் பல மடங்கு கூடியது. அப்பா மேசையில் வைத்ததைப் பிள்ளை சாக்லேட் என்று நினைத்து எடுத்திருக்கும், வேறென்ன.

ஆக, கடை திறக்க வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் பேசாதே, கேட்காதே என்று வாயை அடைப்பதும் தப்பு என்று உங்கள் கடிதம் எனக்குக் காட்டியது. அந்தத் தப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அடுத்த கடிதம்.

அம்மா, என் மகனுக்கு 19 வயது, தேசிய சேவையில் இருக்கிறான். வார இறுதியில் வீட்டுக்கு வந்தவன் துணிப்பையில் ஒரு மின்சிகரெட்டைப் பார்த்தேன். கேட்டதற்கு முதலில் கத்தினான், பிறகு அழுதான், நண்பர்களோடு இரண்டு மூன்று தடவை கஞ்சாவும் பிடித்தேன் என்றான். அவன் அப்பாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார். போலிசுக்குப் போனால் தூக்கு என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். தூக்கமே இல்லை.
*– பெயர் வேண்டாம், சுவா சூ காங்*

உங்கள் மகன் அழுதான் பாருங்கள், அந்த நிமிடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். நான் இருபது ஆண்டாக மறுவாழ்வு இல்லத்தில் தொண்டூழியம் செய்கிறேன், அங்கே நாற்பது வயதில் வந்து உட்கார்கிறவர்கள் எத்தனை பேர் "முதல்முறை மாட்டியபோது வீட்டில் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன் தெரியுமா.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னது தவறு. மரண தண்டனை கடத்தலுக்கு, அதுவும் 500 கிராமுக்கு மேல் கஞ்சா இருந்தால். புகைத்ததற்குத் தூக்கு கிடையாது. ஆனால் சட்டப் புத்தகத்தில் அதற்கும் பத்து ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் என்று இருக்கிறது, அதனால் லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 15 கிராமுக்கு மேல் கையில் இருந்தால் விற்க வைத்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிறுவ வேண்டியது அவன் பொறுப்பு. ஆகவே இன்று ராத்திரியே கேட்க வேண்டிய கேள்வி: உன்னிடம் இன்னும் ஏதாவது இருக்கிறதா, நண்பனுக்காக எதையாவது வாங்கியோ வைத்தோ கொடுத்தாயா? நண்பனுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கடத்தல்தான். பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது.

2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வேறு குற்றம் எதுவும் இல்லாமல் போதைப்பொருளை உட்கொண்டது மட்டும்தான் என்றால், பொதுவாக நீதிமன்றத்துக்குப் போகாமல் மறுவாழ்வு வழிக்குத் திருப்பிவிடுகிறார்கள். குற்றப் பதிவும் விழாது. 21 வயதுக்குக் கீழே, ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்படும் இளையர்கள் வீட்டிலிருந்தபடியே சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் போய்வரும் திட்டம்கூட உண்டு, அதில் பெற்றோருக்கும் இடம் இருக்கிறது. எந்த வழி என்பதை மதிப்பீடு செய்துதான் முடிவெடுப்பார்கள், உங்கள் மகனுக்கு இதுதான் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சேவையில் இருப்பதால் படையின் ஒழுங்கு விதிகளும் குறுக்கே வரும். அதனால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசுங்கள், பணம் பிரச்சினை என்றால் சமூக மன்றங்களில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கிறது. புவாங்கோக்கில் மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தேசியப் பிரிவு இருக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஒருவர் போதைக்கு அடிமையாகியிருக்கிறார் என்று மருத்துவர் கருதினால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பயந்து பின்வாங்காதீர்கள். தானாக உதவி தேடிப் போனவனாக அவன் அங்கே போய் நிற்பதும், தடுப்பு வேட்டையில் மாட்டி நிற்பதும் ஒன்றாகாது.

மின்சிகரெட்டும் சின்ன விஷயம் இல்லை. வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். இப்போது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்கிறார்கள், 2025 செப்டம்பர் 1 முதல் அதையும் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவன் இழுத்ததில் என்ன இருந்தது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மின்சிகரெட்டை விடுவதற்குத் தாமாக உதவி கேட்டு வருகிறவர்களுக்குத் தண்டனை கிடையாது என்று அரசாங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அப்புறம் அவன் அப்பா. மறைத்து வைக்காதீர்கள், ஆனால் தனியாகவும் சொல்லாதீர்கள். அவர் மதிக்கிற ஒருவர், உங்கள் அண்ணனோ, கோயிலில் பழகிய பெரியவரோ, கூட உட்காரட்டும். முதல் கால் மணி நேரம் கத்துவார், கத்தட்டும். வெளியே போ என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது, ஏனென்றால் அந்த ராத்திரி அவன் போய்ப் படுக்கப்போவது அதே நண்பர்களின் வீட்டில்தான். உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அக்கா, நான் தஞ்சாவூர்ப் பக்கம், துவாசில் வேலை. ஊரில் சாமியார்கள் சிவ மூலிகை என்று புகைப்பார்கள், நாட்டு வைத்தியர் லேகியத்தில் போடுவார். கடவுளுக்கு உகந்ததை இங்கே எப்படிக் குற்றம் என்கிறார்கள்?
*– கட்டுமான ஊழியர்*

தம்பி, ஊரிலேயே அது குற்றம்தான். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் செடியின் பூவும் காயும் உள்ள நுனியைக் கஞ்சா என்று தடை செய்கிறது. இலையை மட்டும் அந்த வரையறையில் சேர்க்கவில்லை, அதனால்தான் வடக்கே சில மாநிலங்களில் ஹோலிக்கு பாங் ஓடுகிறது. ஆங்கிலேய அரசாங்கம் 1893இல் ஒரு விசாரணைக் குழு போட்டு நாடு முழுக்கச் சாட்சிகளை விசாரித்தது, அளவாக எடுப்பதால் பெரிய கெடுதல் இல்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று குழு சொன்னது. சட்டபூர்வமாக்கச் சொல்கிறவர்கள் இன்றும் அந்த அறிக்கையைக் காட்டுகிறார்கள். காட்டட்டும், ஆனால் அது பேசியது அந்தக் காலத்து வீரியத்தை.

சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் இருந்தது உண்மை. சுத்தி செய்து, அளந்து, வேறு மருந்துகளோடு சேர்த்து, வைத்தியர் கையால் கொடுப்பது ஒன்று, மூன்றாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து இழுப்பது வேறு ஒன்று. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்: ஊரிலிருந்து வரும்போது யாராவது "இந்த லேகியத்தை என் மச்சானிடம் கொடுத்துவிடு" என்று டப்பா நீட்டினால் வாங்காதீர்கள். சொந்தக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாங்காக்கில் பிறந்தநாள் விருந்தில் கேக் சாப்பிட்டேன், பிறகுதான் அதில் கஞ்சா என்றார்கள். அங்கே சாப்பிட்டதுக்கு இங்கே பிரச்சினை வருமா?
*– உட்லண்ட்ஸ் வாசகி*

வரும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே கணக்கு. சோதனைச் சாவடிகளில் 2023 ஜனவரியிலிருந்து உமிழ்நீர்ப் பரிசோதனையும் செய்கிறார்கள், முடியைச் சோதித்தாலும் தெரியும். சோதனையில் தெரிந்தால், வேண்டுமென்றே உட்கொண்டதாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், தெரியாமல் நடந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். யார் கொடுத்தார்கள், எங்கே, எப்போது என்று இப்போதே எழுதி வையுங்கள், அன்று அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், வழக்கறிஞரிடம் பேசுங்கள். அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒன்று: தாய் மொழியிலும் அதன் பெயர் கஞ்சாதான், நம் வார்த்தையேதான். கடையில் எதை எடுத்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

என் தங்கை மகளுக்கு ஆறு வயது, எந்த மருந்துக்கும் வலிப்பு நிற்கவில்லை. கஞ்சா எண்ணெய் கொடுத்தால் நிற்கும் என்று இணையத்தில் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?
*– தோ பாயோ வாசகி*

வரவழைக்காதீர்கள், ஆனால் நம்பிக்கையையும் விடாதீர்கள். இந்தச் செடியில் இரண்டு முக்கியமான பொருள்கள். டிஎச்சி போதை தருவது, சிபிடி போதை தராதது. அந்த சிபிடியைச் சுத்தமாகப் பிரித்து எபிடியோலெக்ஸ் என்ற மருந்தாக்கியிருக்கிறார்கள், குழந்தைகளுக்கு வருகிற சில கடுமையான வலிப்பு வகைகளுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. சோதனைகளில் பல குழந்தைகளுக்கு வலிப்பு நன்றாகக் குறைந்தது, எல்லாருக்கும் அல்ல. சிங்கப்பூரிலும் 2019இல், வேறு எந்த மருந்தும் கேட்காத ஒரு சிறுமிக்காக அதை வரவழைக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஆக வழி இருக்கிறது. அது நரம்பியல் நிபுணர் வழியாகத்தான் போகும், மற்ற சிகிச்சை எல்லாம் செய்து பார்த்தாயிற்று என்று அவர் காட்ட வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக விண்ணப்பம். உங்கள் தங்கை அடுத்த முறை போகும்போது மருந்தின் பெயரைச் சொல்லி நேரடியாகக் கேட்கட்டும், கூச்சமே வேண்டாம்.

இணையத்தில் விற்கிற எண்ணெயில் லேபிளில் போட்டது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. டிஎச்சி கலந்திருந்தால் குழந்தைக்கும் கெடுதல், பார்சலைப் பிரிக்கும்போது தங்கைக்கும் வழக்கு.

மருந்து வேண்டும் என்கிறவர்களையும் கேளிக்கைக்கு வேண்டும் என்கிறவர்களையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத விஷயம். ஐக்கிய நாட்டுச் சபையின் ஆணையம் 2020 டிசம்பரில் 27க்கு 25 என்ற வாக்கில், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. மருத்துவப் பயன் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் அந்த வாக்கெடுப்பு, மற்ற கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கின்றன. அதைக் காட்டி "ஐநாவே அனுமதித்துவிட்டது" என்று பகிர்கிறவர்களும் இந்தக் குழந்தைக்கு உதவவில்லை, "கஞ்சாவா, வாயைக் கழுவு" என்கிற பாட்டிகளும் உதவவில்லை. மருந்து வழியை அரசாங்கம் இன்னும் கொஞ்சம் அகலமாகவும் வேகமாகவும் வைக்கலாம் என்பது என் கருத்து. காத்திருக்கிற தாய்க்கு ஒரு வாரம் என்பது ஒரு வருடம்.

சகோதரி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2023 ஏப்ரல் 26 அன்று ஒரு கிலோ கஞ்சா தொடர்பான வழக்கில் 46 வயதுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். பக்கத்தில் தாய்லாந்தில் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்த அதே காலம். இது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?
*– சிராங்கூன் வாசகர்*

ஐயா, இந்தக் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன்.

அரசாங்கம் சொல்வதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் ஹெராயின் இந்த ஊரைத் தின்றது, நீங்கள் பார்த்திருப்பீர்கள், 1977இல் 'ஃபெரெட்' நடவடிக்கை என்று ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துப் பரிசோதித்தார்கள். கடத்தலுக்கு மரண தண்டனை 1975இல் வந்தது, கஞ்சாவை அதில் சேர்த்தது அப்புறம். கடத்துகிறவன் அளவு பார்த்துப் பயப்படுகிறான், அந்தப் பயம் ஆயிரம் குடும்பங்களைக் காப்பாற்றுகிறது என்பது உள்துறை அமைச்சர் சண்முகம் திரும்பத் திரும்பச் சொல்லும் வாதம். அமைச்சு நடத்திய கருத்தாய்வுகளில் பெரும்பான்மை மக்கள் ஆதரவும் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக்கூடப் பெண் பிள்ளை பேருந்து நிறுத்தத்தில் பயமில்லாமல் நிற்கிற ஊர் இது, அதை நான் சும்மா கிடைத்ததாக நினைக்கவில்லை.

நீங்கள் சொன்ன அந்த வழக்கில், தூக்கிலிடப்பட்டவர் கையில் கஞ்சா எதுவும் இல்லை. 1,017.9 கிராம் கடத்துவதற்கு உடந்தையாக இருந்தார் என்று தொலைபேசி எண்களையும் சாட்சிகளையும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்தது. வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்று அவர் தரப்பு சொன்னது, நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நான் நீதிபதி இல்லை, அந்தத் தீர்ப்பை இங்கே உட்கார்ந்து திருத்த எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டது எனக்குச் சரியாகப் படுகிறதா என்று. இல்லை ஐயா. கடை திறக்கக் கூடாது என்று மேலே பக்கம் பக்கமாக எழுதிய அதே கையால்தான் எழுதுகிறேன், கஞ்சாவுக்கு உயிரை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2012இல் சட்டத்தைத் திருத்தியபோது, வெறும் கூலிக்குச் சுமந்தவர் விசாரணைக்குப் பெரிய அளவில் உதவினால் நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம் என்று ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தார்கள். நான் அதைப் பல முறை யோசித்திருக்கிறேன். உதவுவதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே? கீழ்மட்டத்தில் இருக்கிறவனுக்குப் பெரியவர்களின் பெயர்கூடத் தெரியாது, அதனால் அந்த ஜன்னல் அவனுக்குத் திறக்காமலே போகலாம். மலேசியா 2023இல் மரண தண்டனையை முழுதாக எடுக்கவில்லை, கட்டாயம் என்பதை மட்டும் எடுத்தது, முடிவை நீதிபதியிடம் விட்டது. அந்த அளவுக்காவது இங்கே வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். தடை இருக்கட்டும், தண்டனையும் கடுமையாகவே இருக்கட்டும், எதிரில் நிற்கிற மனிதனைப் பார்த்து எடைபோடும் உரிமை மட்டும் நீதிபதிக்கு இருக்கட்டும்.

இதை எழுதினால் சில வாசகர்கள் கோபப்படுவார்கள். போதையால் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அம்மா எனக்குத் தெரியும், அவர் என்னோடு ஒத்துப்போக மாட்டார், அவர் வலியின் முன்னால் நான் வாதாடவும் மாட்டேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன் அக்கா. என் தம்பி மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கஞ்சாதான், இப்போது சுத்தமாக இருக்கிறான். அடுத்த மாதம் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது, அவன் வராமலிருந்தால் நல்லது என்று என் கணவர் நினைக்கிறார்.
*– பொங்கோல் வாசகி*

தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? அழையுங்கள்மா. அழைத்துவிட்டு மூலையில் உட்காரவைக்காதீர்கள், வேலை கொடுங்கள். முதல் நாள் தேக்காவில் பூ வாங்குவது, மண்டபத்தில் வாழைமரம் கட்டுவது, பந்தியைப் பார்த்துக்கொள்வது, எதுவானாலும் பொறுப்பானதாகக் கொடுங்கள். வெளியே வந்த பிறகும் ஐந்து ஆண்டு வரை மேற்பார்வை இருக்கலாம், பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் கல்யாண நாளில் விழுகிறதா என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கடைசி நேரத்தில் ஓடினால்தான் நாலு பேர் பார்ப்பார்கள். பழைய கூட்டாளிகள் விருந்துக்கு வருவார்களா என்பதையும் அவனிடமே கேளுங்கள், வருவார்கள் என்றால் அந்த அழைப்பிதழ்களைக் கொடுக்க வேண்டாம்.

சம்பந்தி வீட்டார் கேட்டால், நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், எட்டு மாதமாகச் சுத்தமாக இருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் கணவரிடம் நான் பேச வேண்டுமானால் எழுதுங்கள், சனிக்கிழமை மாலையில் எனக்கு நேரம் இருக்கிறது.